குளிருது என்று சொல்லக் கூடாத மலை

பெப்ரவரி 24, 2003. திங்கள்

காலையில் மூட்டம். பத்து மணிக்கு மேல் வெயில். நான் பிள்ளை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இன்று பதினான்கு பிள்ளைகள். இரண்டுக்குச் சளி. விறகு வரவில்லை, ஆகவே இன்றும் பச்சைத் தண்ணீர்தான். தாய்மார் கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போன பிறகு அத்தனையையும் குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட ஒன்றரை மணி நேரம். பதினேழு வருடமாக இதே வேலை. ஒரு பிள்ளைக்கும் மூச்சடைத்தது கிடையாது. யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

சாயந்தரம் முத்தையா மாமா வீட்டு வாசலில் கூட்டம். சிவனொளிபாத மலைக்கு இந்த வருடம் எப்போது போவது என்ற பேச்சு. எங்கள் தோட்டத்துக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். இருபத்திரண்டு தடவை ஏறியவர். தோட்டத்தில் கங்காணியாக இருந்தபோது எப்படியோ, மலை விஷயத்தில் இப்போதும் கங்காணிதான்.

"இந்த வருஷம் ஆம்பளைங்க மட்டும். போன வருஷம் பட்டது போதும்."

போன வருடம் பட்டது என்றால் என் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா ராக்கம்மா. மலைக்கு ஏறும் வழியில் ஓடும் சீத கங்கை ஆற்றில் முழுகியவர் எழும்பவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது நான். பெண்கள் என்று போனது நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் அங்கிருந்தே திரும்பிவிட்டோம்.

பெண்கள் பத்துப் பேர் நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"பொம்பளைங்கள நான் கூட்டிட்டு வாறேன் மாமா. தண்ணிக்கு நான் பொறுப்பு."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிம்மா செல்வி. ஆனா ஒண்ணு. ஒருத்திக்கு ஏதாவது ஆச்சுன்னா, இனிமே நம்ம தோட்டத்துல பொம்பளைங்க மலைக்குப் போற பேச்சே இருக்கப்படாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு குவளை தண்ணீர் குடித்தேன்.

பெப். 25, செவ்வாய்

வெயில்.

போன வருடம் நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். விடியுமுன் நாலு மணிக்கு ஆற்றுக்கு வந்தோம். கும்மிருட்டு. நாலரை மணி நேரம் ஏறிய வியர்வை. விரதம், வயிற்றில் ஒன்றும் இல்லை. வந்த வேகத்தில் எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். மதினி முதலில்.

மலைக்குப் போனால் சில வார்த்தை சொல்லக் கூடாது. கால் வலிக்குது என்று சொல்லக் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. குளிருது என்று சொல்லவே கூடாது. சொன்னால் சாமி குத்தம். இது எல்லோருக்கும் தெரிந்தது. சிங்களக் கூட்டத்திலும் இதே கதைதான்.

மதினி ஒரு முழுக்கு போட்டு எழும்பினார். வாய் திறந்தபடி. சத்தம் இல்லை. பக்கத்தில் யாரோ பிடித்திருந்த டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பக்தி என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தேன். இரண்டாவது முழுக்கில் போனவர் மேலே வரவில்லை.

பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளை அப்படி வாயைத் திறந்து சத்தமில்லாமல் இருந்திருந்தால் அந்த நொடியே தூக்கித் தோளில் போட்டிருப்பேன். பெரிய மனுஷி என்றதும் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

பெப். 27, வியாழன்

மத்தியானம் மழை தூறல். சளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து வாங்கிய கையோடு டிஸ்பென்சரி ஐயாவிடம் ஆற்று விஷயத்தைக் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மொதல் ஒரு நிமிஷம்தான் செல்வி ஆபத்து. குளிர் பட்டதும் மூச்சு தன்பாட்டுல இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா, காத்துக்குப் பதிலா தண்ணிய இழுத்துருவாங்க. மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு தலைய நனைக்கச் சொல்லு."

இன்னும் சொன்னது: வியர்வை அடங்கி இறங்க வேண்டும். பாறையிலிருந்து குதிக்கக் கூடாது. பிரஷர், நெஞ்சு வருத்தக்காரர் கரையில் நின்று கைகால் நனைத்தால் போதும். வெளியே வந்த பிறகும் உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே போகும், ஆகவே ஈரத்தை உடனே மாற்று, போர்த்து, இனிப்பாகச் சூடாகக் கொடு. அழுத்தித் தேய்க்காதே. நடுங்குவது நல்லது. நடுங்கிக்கொண்டிருந்தவள் நடுக்கத்தை விட்டுவிட்டு மந்தமானால், நாக்குக் குழறினால், அதுதான் பயம்.

"இதெல்லாம் நான் பிள்ளைங்களுக்குச் செய்யிறதுதாங்கையா" என்றேன். காலில் ஊற்றி, வயிற்றில் ஊற்றி, முதுகு தடவி, கடைசியில்தான் தலை. ஊற்றும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே.

"அப்ப நீதான் சரியான ஆள்" என்றார். ஐயா சொன்னது அப்படியே. நானாகக் கூட்டி எழுதவில்லை.

மார்ச் 3, திங்கள்

நல்ல வெயில். ஒரு யோசனை வந்தது, அதுவும் வேலை நேரத்தில்.

தினேஷ் என்று ஒரு பயல், ஒன்றேகால் வயது. தண்ணீர் பட்டால் தோட்டத்தின் ஏழு டிவிஷனுக்கும் கேட்கிற மாதிரி கத்துவான். பக்கத்தில் குளிப்பாட்டும் ரஞ்சனி எப்போதும் காதைப் பொத்துவாள். இன்று அவளிடம் நான் சொன்னது: "கத்துறவன் மூச்சு விடுறான். கத்தாம இருக்கிறத பாரு."

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. குளிருது என்று சொல்லத்தானே தடை? அரோகரா சொல்ல யார் தடுத்தது? ஒவ்வொரு முழுக்குக்கும் முன்னால் நீட்டி ஒரு அரோகரா. அடிவயிற்றிலிருந்து. நீட்டிச் சொன்னால் மூச்சு வெளியே வந்துதான் ஆக வேண்டும். முழுதாகச் சொன்னால் முழுகலாம். நடுவில் அறுந்தால், குழறினால், சொல்லவே முடியாவிட்டால், வெளியே. பேச்சே கிடையாது.

சாமிக்கும் குறை இல்லை, ஆளுக்கும் குறை இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப் போகிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

ஐந்தாம் தேதியிலிருந்து பீலிக்கரையில் பழக்கம். காலை ஐந்தரை. மலையிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீர், அந்த நேரத்தில் ஓரளவுக்குச் சில்லென்றுதான் இருக்கும். பதினொரு பெண்களும் பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டிக்கொண்டு வரிசையாக. கால், கை, முகம், பிடரி, நெஞ்சு. பிறகு நின்று மூச்சு. பிறகு அரோகரா. பிறகுதான் தலை.

முதல் நாள் சிரிப்பு தாங்கவில்லை. சுமதி புதுப் பெண், கல்யாணமாகி மூன்று மாதம், அரோகராவை எறும்புக்குச் சொல்வது போலச் சொன்னாள். பால் வெட்டப் போகிற ஆண்கள் மேட்டில் நின்று, "என்ன, பீலியிலயே கோயில் கட்டியாச்சா?" என்று கேலி.

"ஆமா, உண்டியல் போட்டுட்டுப் போங்க" என்றேன்.

இன்று சுமதியின் சத்தத்துக்கு மேட்டில் நின்ற நாய் ஓடியது. நல்ல முன்னேற்றம்.

மதினி மட்டும் வந்து ஓரமாக நிற்கிறார். சொல்வதைச் செய்கிறார், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு.

மார்ச் 12, புதன்

வானம் மப்பு. டிஸ்பென்சரி ஐயா எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். பத்துப் பேருக்குப் பிரச்சினை இல்லை. மதினிக்குக் கொஞ்சம் கூட. மூன்று முழுக்குக்கு மேல் வேண்டாம், அதுவும் கண் வைத்துக்கொள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வரும் வழியில் மதினியிடம், கரையில் நின்று தலையில் தெளித்துக்கொண்டால் போதாதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான் என்ன பச்சப் புள்ளையா? மூணு முழுக்குன்னு நேர்ந்தது நானு. மூணும் போட்டுத்தான் ஆகணும்."

நேர்த்தி எதற்கென்று எங்களுக்குத் தெரியும். மகன் முருகேசு கொழும்பில் கடையில் நின்றபோது புலிச் சந்தேகத்தில் போலீஸ் பிடித்து எட்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த எட்டு மாதமும் மதினி ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை, ஒரு நாள் அழவில்லை. கேட்டால் "நல்லாருக்கேன்" என்பார். பல் பிடுங்கியபோதும் நல்லாருக்கேன். அவர் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கும் நல்லாருக்கேன். முருகேசு வீடு வந்து சேர்ந்த நாளில்தான் உட்கார்ந்து சோறு தின்றார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் தண்ணீரில் இறக்கப் போகிறேன். அரோகராவை நம்பி.

மார்ச் 14, வெள்ளி

நாளைக்குப் பயணம். மூட்டை கட்டியது:

கயிறு முப்பது முழம் (தொழிற்சாலையில் இரவல்). ஆளுக்கு இரண்டு துவாய், உலர்ந்த உடுப்பு பிளாஸ்டிக் பையில் தனித்தனியாக. கம்பளித் தொப்பி 6, மீதிப் பேருக்குத் துண்டு. பெரிய ஃபிளாஸ்க் 2. இஞ்சி, சீனி. பிஸ்கட். பிள்ளைக்காம்பரா விசில். தண்ணீர் ஆழம் பார்க்க ஒரு கம்பு, அது அங்கேயே வெட்டலாம்.

மாமாவிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்கினேன். ஆற்றுக்குப் பகலில் போய்ச் சேர வேண்டும். போனதும் கால் மணி உட்கார வேண்டும். குளிக்குமுன் ஆளுக்கு இரண்டு பிஸ்கட். கடைசிக்கு மட்டும் முகம் சுளித்தார்.

"விரதம்மா."

"பிஸ்கட்டுல மீன் இல்ல மாமா."

சிரித்துவிட்டார். ஜெயித்தேன்.

மார்ச் 15, சனி. மலையில், மடத்தில்

விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. எழுத்து கோணல். இருந்தாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

விடிய நிவித்திகலையில் பஸ், இரத்தினபுரி, அங்கிருந்து பலாபத்தல. ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஆண்கள் பதினாறு, நாங்கள் பதினொன்று. நல்ல வெயில். ஒன்றரை மணிக்குச் சீத கங்கை. இருட்டில் பார்த்த இடமா இது என்று இருந்தது. கண்ணாடித் தண்ணீர், அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. கையை விட்டதும் எலும்பு வரைக்கும் ஏறியது.

ஆற்றோரத்தில் தேத்தண்ணிக் கடை. கடைக்காரப் பெண் சிங்களத்தி, என் வயதுதான் இருக்கும். "அனே அக்கே, ஹரி சீதலய்" என்றாள். சரியான குளிராம். தெரியும் என்று சிங்களத்தில் சொல்லி, பெரிய கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன். கயிற்றையும் விசிலையும் பார்த்து, குளிக்க வந்தீர்களா கப்பல் இழுக்க வந்தீர்களா என்று கேட்டாள்.

கம்பால் ஆழம் பார்த்து இடுப்பளவு இடத்தைத் தெரிந்தெடுத்தேன். கயிற்றின் ஒரு முனை மரத்தில், மறு முனை பாறையில். இரண்டிரண்டு பேராக. இறங்குகிறவளுக்கு ஒருத்தி தண்ணீரில் துணை, ஒருத்தி கரையில் துவாயோடு. நூறு எண்ணுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். நான் நடுவில், முழங்கால் அளவில் நின்றேன். கை எந்நேரமும் ஈரக் கயிற்றில், அதனால்தான் இந்த விரல்.

முதலில் சுமதி. கால், கை, முகம், பிடரி. உடம்பு தூக்கிப் போட்டது, மூச்சு இழுத்தது. நில் என்றேன். நின்றாள். மூச்சு அடங்கியது. பிறகு போட்டாள் பாருங்கள் ஒரு அரோகரா, எதிர் மலையிலிருந்து திரும்பி வந்தது. மேலே போய்க்கொண்டிருந்த சிங்களக் கூட்டம் நின்று, அவர்கள் அரோகராவாக "சாது, சாது" என்றது. எனக்குப் புல்லரித்தது, குளிரால் அல்ல.

ஏழு பேர் இப்படியே. எட்டாவது ஆளுக்கு இரண்டாவது அரோகரா நடுவில் அறுந்தது, வெளியே வா என்றதும் வந்துவிட்டாள். ஒன்பதாவது நன்றாகவே முடிந்தது. கடைசியில் மதினி.

முதல் அரோகரா கணீர். முழுக்கு. எழும்பினார். இரண்டாவது கொஞ்சம் தேய்ந்தது, ஆனால் முழுதாக வந்தது. முழுக்கு. எழும்பியபோது கயிற்றைப் பிடிக்கத் தெரியவில்லை. கை கயிற்றுக்கு மேலே தடவியது. நடுக்கம் இல்லை. வாய் திறந்தார்.

"அரோ..."

அவ்வளவுதான். திரும்பவும் "அரோ". அதற்கு மேல் வரவில்லை. ஆனால் குனிகிறார், மூன்றாவதுக்கு.

இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். "வெளிய வாங்க மதினி."

"ஒண்ணு... ஒண்ணு பாக்கி. விடு."

"விட மாட்டேன்."

"நேத்தி என்னோடது. உன்னோடதா?"

"உசுரு என் பொறுப்பு."

தள்ளினார். நானும் விடவில்லை. விசிலை ஊதினேன். இரண்டு பெண்கள் கயிற்றைப் பிடித்து வந்து மூவருமாகக் கரையேற்றினோம். மதினி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். மகனைப் பிடித்தவர்களைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

சத்தம் கேட்டு, ஆண்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்த பக்கத்திலிருந்து மாமா வந்தார். போச்சு, பதினேழு வருடப் பேரும் போச்சு, எல்லாப் பெண்களின் மலையும் போச்சு என்று நினைத்தேன். நேர்த்தியை முறித்தவள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லப் போகிறது.

மாமா குனிந்து, "ராக்கம்மா, உன் மகன் பேரு என்ன?" என்று கேட்டார்.

மதினி வாயைத் திறந்தார். "மு... மு..." மகன் பேர் வரவில்லை. அவருக்கே அது புரிந்தது. கண் கலங்கிவிட்டது. நான் பார்த்து இதுதான் முதல் தடவை.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "செய்யிற வேலைய செய்யும்மா" என்றார். திரும்பிப் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

செய்தோம். ஈரம் களைந்து, ஒற்றித் துடைத்து, இரண்டு சுவெட்டர், தொப்பி, போர்வை. நான் ஒரு பக்கம், சுமதி ஒரு பக்கம் ஒட்டி உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண் கூப்பிடாமலே இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வந்தாள், சீனியை அள்ளிப் போட்டு. விழுங்க முடிகிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தேன், மிடறு மிடறாக. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தது. பல் தாளம் போட்டது. நல்லது, நடுங்கட்டும் என்றேன். மதினி என் பக்கம் திரும்பவில்லை.

முக்கால் மணி நேரம் இருக்கும். மாமா செம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்தார்.

"இப்ப சொல்லு ராக்கம்மா. மகன் பேரு?"

"முருகேசு."

"இன்னொருக்கா."

"முருகேசு. முருகேசு!" கோபமாகச் சொன்னார். பேச்சு சுத்தமாக இருந்தது.

மாமா தொப்பியைத் தூக்கி, விரலால் மூன்று சொட்டு உச்சியில் தெளித்தார். "இது மூணாவது முழுக்கு. நான் சொல்றேன். இருபத்திரெண்டு தடவ ஏறுனவன் சொல்றேன். நேத்தி முடிஞ்சிது."

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "ஆம்பளைங்களுக்கும் சொல்றேன். அந்தக் கயிறு இல்லாம எவனும் எறங்கப்படாது. செல்வி நிக்கிற எடத்துலதான் குளிக்கணும்."

பதினாறு ஆண்களும் வந்து வரிசையில் நின்றார்கள். பீலியில் கோயில் கட்டியாச்சா என்று கேட்டவன் மூன்றாவது ஆள். அவனுக்கு அரோகரா சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு. திரும்பும் பஸ்ஸில்

ஆட்டத்தில் எழுதுகிறேன். விடியுமுன் ஏறி, சூரியன் வந்தபோது உச்சியில். பாதத்தைக் கும்பிட்டோம். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தரம் மணி அடிப்பது வழக்கம். நாங்கள் பதினொரு பேரும் ஒவ்வொரு தடவை. மாமா இருபத்து மூன்று, அடித்து முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு, போன வருடப் பாதி வழிக்கும் சேர்த்து, இன்னொன்று அடிக்கக் கை துறுதுறுத்தது. அடிக்கவில்லை.

மதினியும் ஏறினார். ஐயாவின் பேச்சை நினைத்து நான் பின்னாலேயே. பத்துப் படிக்கு ஒரு தரம் "நல்லாருக்கீங்களா மதினி?" பதில் இல்லை. வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை இல்லை. இப்போது முன் சீட்டில் தூங்குகிறார். எல்லோரும் உயிரோடு, முழுதாக. இருபத்தேழு பேர். எனக்கு இது போதும் என்று எழுத நினைத்தேன். போதாது. மதினி பேசினால்தான் போதும்.

மார்ச் 17, திங்கள்

வெயில். பிள்ளைகள் பதின்மூன்று. தினேஷ் வழக்கம் போலக் கச்சேரி. மாமா காம்பரா பக்கம் வந்தார், ஒரு வேலையும் இல்லாமல். ஜன்னலில் நின்று நான் குளிப்பாட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ, இங்கதான் படிச்சியா" என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கு மேல் என்ன பட்டம் வேண்டும். மதினி இன்னும் பேசவில்லை. கீரை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்.

மார்ச் 19, புதன்

இராத்திரி மழை, விடிய நல்ல குளிர். ஐந்தரை இருக்கும், அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பீலிக்கரையிலிருந்து ஒரு சத்தம்.

"அய்யோ, குளிருதே! அம்மாடி, குளிருதே!"

மதினி குரல். லயத்து வீடுகளில் பாதிப் பேர் கதவைத் திறந்து வெளியே ஓடினார்கள். என் வீட்டுக்காரரும் பதறிக்கொண்டு, "அக்காடி! என்னமோ ஆயிருச்சு, ஓடு" என்றார்.

நான் அசையவில்லை. கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது. இன்னொரு தரம் கேட்டது, முன்னதைவிடப் பெரிதாக. என் வீட்டுப் பக்கம் பார்த்தே கத்தியிருக்க வேண்டும்.

இஞ்சி தட்டி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.